எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்

எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும் என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. உலைநீர் பொங்கி வழிகின்ற வேளையில் அடுப்படியில் நிற்கும் தாய் பானையோடு போராடுவதில்லை. குனிந்து, எரிகின்ற கொள்ளிகளில் ஒன்றை வெளியே இழுத்து விடுகிறாள். அவ்வளவில் கொதிப்பு அடங்கிவிடுகிறது. வழக்குத் தீர்ப்பவரும் வைத்தியம் செய்பவரும் இப்பழமொழியைத் தத்தம் தொழிலுக்கேற்பப் பயன்படுத்துவதுண்டு. இன்று நாம் அதனை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, கொள்ளியும் சுவாலையும் கண்ணுக்குத் தெரியாத மின்சார உலையிலே எதனை இழுப்பது, எவ்வாறு இழுப்பது என்று ஆராயப் புகுகின்றோம்.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத் தென்னந்தோட்டங்களில் கொப்பறாச் சூளைகள் உண்டு. தேங்காயை உடைத்துப் பரப்பிய தட்டுக்குக் கீழே, சிரட்டைகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகி நீண்ட வரிசைகளாக அடுக்கி, ஒரு முனையில் தீ மூட்டுவார்கள். தீயானது சிரட்டைக்குச் சிரட்டை மெல்ல நகர்ந்து, பல மணிநேரம் சீரான வெப்பத்தைத் தந்து, வரிசை முடிந்த இடத்தில் தானாகவே அவிந்துவிடும். யாரும் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருக்க வேண்டுவதில்லை. எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவு சிரட்டை. சிரட்டை தீர்ந்தால் தீயும் தீர்ந்தது. விறகு நெருப்பின் நற்குணம் இதுதான். அதன் ஆயுள் அதன் உணவோடு முடிந்துவிடுகிறது.

மின்சார நெருப்புக்கு அந்தக் குணம் கிடையாது. கம்பியின் மறுமுனையில் லக்சபானாவின் நீர்வீழ்ச்சியும் நுரைச்சோலையின் நிலக்கரியும் நின்று ஓயாது ஊட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டிலுள்ளோர் உறங்கினாலும், ஊருக்குப் போயிருந்தாலும் அந்த ஊட்டம் நிற்பதில்லை. ஆகவே மின்சாரத்தால் வெப்பம் தரும் எந்தக் கருவிக்கும், போதும் என்று சொல்லி வாயிலை அடைக்கும் காவலன் ஒருவன் தேவைப்படுகிறான். அந்தக் காவலன் தன் கடமையை மறந்த வேளையே, கருவி நிற்காமல் எரிகின்ற வேளை.

உலை என்று நாம் கூறுவது எது?

குளிர் நாடுகளில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில், நிலவறையிலோ ஒரு சிறு அறையிலோ, வீடு முழுவதற்கும் வெப்பக்காற்றை ஊதுகின்ற உலை ஒன்று இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நீர்வலுவால் பிறக்கும் மின்சாரம் மலிவாகக் கிடைப்பதால், மொன்றியல் நகரத்துத் தமிழர் பலர் மின்சாரத்தாலேயே வீட்டைச் சூடாக்குகின்றனர். நடுங்கும் குளிரில் உலை எரியாமற் போவது ஓர் இடர். எரியத் தொடங்கியது நிற்க மறுப்பது மற்றோர் இடர்.

கற்பிட்டியிலும் சிலாபத்திலும் வீட்டைச் சூடாக்க யாரும் உலை வைப்பதில்லை, வெயிலே போதும். எனினும் அதே உலையின் சிறிய உறவினர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் குடியிருக்கின்றனர். தேநீர்க் கேத்தல், மின்னழுத்தி, சோறு சமைக்கும் கருவி, கேக் சுடும் மின் போறணை, குளியலறை வெந்நீர்த் தாங்கி ஆகிய யாவும் ஒரே குடும்பம். பெரியதற்கும் சிறியதற்கும் அளவில்தான் வேறுபாடு, அமைப்பு ஒன்றே.

அந்த அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். முதலாவது, வெப்பச் சுருள். எலிமென்ற் என்று கடைகளில் கேட்பது இதனைத்தான். நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்தால் இது செய்யப்படுகிறது. அக்கலவைக்கு அமெரிக்கராகிய அல்பேட் மார்ஷ் 1906ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். செந்தணலாகச் சிவந்து நின்றும் விரைவில் துருப்பிடித்து அழியாத கம்பி கிடைத்த பின்னரே மின்சார அடுப்பு வீட்டுக்குள் நம்பிக்கையோடு நுழைந்தது.

இரண்டாவது, வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, தெர்மோஸ்டாட் என்பர். இதன் உயிர்நாடி பெரும்பாலும் ஈருலோகத் தகடு. வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், சூடு ஏற ஏறத் தகடு வளையும். வளைந்த தகடு மின் தொடுகையை விலக்கிவிடும். ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் சேர்க்கும். இத்தகட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கப்பல்களுக்கான கடிகாரம் வெப்பத்தாலும் குளிராலும் நேரம் தவறாதிருக்க வேண்டி, இங்கிலாந்தின் ஜோன் ஹாரிசன் என்னும் தச்சர் அமைத்தார். கடலில் வழி காட்டப் பிறந்தது இன்று நம் அழுத்திப் பெட்டிக்குள் இருந்து சட்டை கருகாமற் காக்கிறது.

மூன்றாவது, மிகைவெப்பத் தடுப்பான். முதற் காவலன் உறங்கிவிட்டால் விழித்தெழ வேண்டிய இரண்டாவது காவலன் இவன். சாதாரண நாட்களில் இவனுக்கு வேலையே இல்லை. வேலை வந்த நாளில் இவன் இல்லாவிட்டால் வீட்டுக்கு அபாயம்.

முதலில் கொள்ளியை இழுங்கள்

கருவி நிற்கவில்லை என்று கண்டதும் பலர் அதன் குமிழை முன்னும் பின்னும் திருகுவர், தட்டிப் பார்ப்பர். அது பானையோடு போராடுவதற்கு ஒப்பானது. காரணத்தை ஆராயப் பிறகு நேரமுண்டு. முதற்கடமை மின்சாரத்தை நிறுத்துவது.

சுவரிலுள்ள ஆளியை, அதாவது சுவிச்சை, முதலில் அணைக்க வேண்டும்; அதன் பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும். மின்னோட்டம் செல்லும்போதே பிளக்கை இழுத்தால் பொறி பறக்கும். ஆளியோ பிளக்கோ சூடேறி இளகியிருந்தால், அல்லது கருகும் நாற்றம் வீசினால், அதனைத் தொடவே கூடாது. நேரே வீட்டின் பிரதான ஆளிக்குச் சென்று அதனைக் கீழே இறக்கிவிட வேண்டும். தீப்பிடித்திருந்தால் மின்சாரம் நிற்கும்வரை தண்ணீர் ஊற்றலாகாது. சிறுவரையும் முதியோரையும் வெளியேற்றுவது எல்லாவற்றிலும் முந்திய காரியம். ஒருவர் மின்சாரத்தால் தாக்குண்டு கருவியோடு ஒட்டிக்கொண்டிருந்தால், மின்சாரத்தைத் துண்டிக்குமுன் அவரைக் கையால் பற்றி இழுக்கப் போகாதீர்கள். துண்டித்த பின் 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸ் வண்டியை அழையுங்கள்.

கனடாவிலுள்ள உறவினருக்கு இன்னுமொரு குறிப்பு. அங்குள்ள மின் உலைகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிலோவாற்று வலுவுள்ள சுருள்கள் மூன்று அல்லது நான்கு இருப்பது வழக்கம். 240 வோல்ற்றில் 15 கிலோவாற்று என்றால் 62½ அம்பியர் மின்னோட்டம். இதனை ஒரே பிரேக்கரில் தாங்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு உலை நின்றது என்று எண்ணிக் கைவைத்தால் உயிருக்கே கேடு. உலைக்குரிய பிரேக்கர்கள் யாவற்றையும் அணைத்தல் வேண்டும்.

நிற்கவில்லையா, ஆறவில்லையா?

மின்சாரத்தை நிறுத்திய பின் சற்று நிதானமாக யோசிக்கலாம். கருவி உண்மையாகவே நிற்கவில்லையா, அல்லது நின்றும் ஆறவில்லையா? இரண்டும் ஒன்றல்ல.

அழுத்தியின் அடித்தகடும் போறணையின் சுவரும் அணைத்த பின்னரும் நெடுநேரம் சூட்டைத் தாங்கிநிற்கும். வெப்பக்காற்று உலையில், சுருள்கள் அணைந்த பின்னும் விசிறி சில நிமிடம் ஓடி எஞ்சிய சூட்டை வெளியேற்றும்; அது குற்றமன்று, நல்லொழுக்கம். அங்குள்ள சுவர்க்கட்டுப்பாட்டில் விசிறிக்கென ஒரு தனிக் குமிழ் உண்டு. அதனை 'எப்போதும்' என்ற இடத்தில் வைத்துவிட்டால் விசிறி இரவு பகலாக ஓடிக்கொண்டேயிருக்கும். வருகின்ற காற்று குளிர்ந்திருக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று கையை நீட்டிப் பார்த்தாலே போதும். குளிர்ந்த காற்றென்றால் உலை நின்றுவிட்டது; விசிறியின் குமிழை மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது.

கேத்தலில் மற்றொரு வேடிக்கை. நீர் கொதித்ததைக் கேத்தல் எவ்வாறு அறிகிறது? கொதிக்கும் நீராவி ஒரு சிறு வழியாகச் சென்று ஈருலோகத் தகட்டைச் சுடுகிறது. தகடு துள்ளிச் சுற்றைத் துண்டிக்கிறது. மூடியைத் திறந்து வைத்தால் ஆவி மேலே போய்விடும். தகட்டுக்குச் செய்தி எட்டாது. கேத்தல் கொதித்துக்கொண்டே இருக்கும். நீர் முழுதும் வற்றிய பின் இரண்டாவது காவலன் வந்து அணைத்தால்தான் உண்டு. மூடியை அழுத்தி மூடுவதே இதற்கு மருந்து.

சோறு சமைக்கும் கருவியில் காவலனாக இருப்பது ஒரு காந்தம். பாத்திரத்தில் நீர் இருக்கும்வரை அதன் அடியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசைப் பெரிதும் தாண்டாது. நீரைச் சோறு உறிஞ்சி முடித்ததும் வெப்பம் ஏறுகிறது. குறித்த அளவில் உலோகம் தன் காந்தத்தன்மையை இழக்கிறது. வில் அதனைக் கீழே தள்ளி ஆளியைத் திருப்புகிறது. பாத்திரத்தின் அடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டாலும் தொடுகை குலைந்துவிடும். கருவி வேளைக்கு அணையாமல் அடிப்பிடிக்கும். இவ்விடத்தில் யந்திரத்தைக் குறைகூறுவது தகாது. ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் போதும்.

காவலன் எங்கே தவறினான்?

மூடியும் குமிழும் பருக்கையும் காரணமல்லவென்றால் பழுது உள்ளே இருக்கிறது. கருவியைத் திறக்காமலே அது எந்த வாயிலில் என்று ஓரளவு கண்டுபிடிக்க முடியும். நாற்றம், புகை, இளகல், மின்னதிர்வு என்ற குறிகளில் எதுவும் இல்லாத கருவியை மட்டுமே, பெரியவர் ஒருவர் அருகில் நின்று, சில நிமிட நேரம் மீண்டும் இணைத்துப் பார்க்கலாம். ஒரு குறி இருந்தாலும் இணைக்க வேண்டாம்.

குமிழை மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். நல்ல நிலையிலுள்ள கட்டுப்படுத்தி ஓரிடத்தில் 'டிக்' என்று ஒலிக்கும். கடைசிவரை ஒலி இல்லையெனில் தொடுகைகள் ஒட்டிக்கொண்டன என்று ஐயுறலாம். பெரும்பாலான அழுத்திகளிலும் போறணைகளிலும் சிறு விளக்கொன்று உண்டு. சுருளுக்கு மின்சாரம் போகும்போது அது எரியும். குமிழ் மிகக்குறைந்த இடத்தில் இருந்தும் விளக்கு எரிகிறதென்றால் முதற் காவலன் வாயிலைத் திறந்துவிட்டு உறங்குகிறான் என்பது பொருள்.

மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க இன்னொரு சோதனை, மின்மானியைப் பார்ப்பது. வீட்டிலுள்ள மற்ற விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி யாவற்றையும் அணைத்துவிட்டு, ஐயத்துக்குரிய கருவியை அதன் குமிழால் மட்டும் அணையுங்கள். மானியின் சிறு ஒளி விரைந்து சிமிட்டிக்கொண்டேயிருந்தால், அல்லது பழைய மானியின் தட்டு சுழன்றுகொண்டேயிருந்தால், அணைந்ததாகத் தோன்றும் கருவி அணையவில்லை. ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள்: 1000 வாற்று அழுத்தியொன்று இரவு 8 மணிநேரம் இடைவிடாது எரிந்தால் 8 அலகு மின்சாரம் வீணாகும். பணம் போனால் தேடலாம். அந்த 8 மணிநேரமும் அது எதன்மேல் கிடந்தது என்பதே கவலைக்குரியது.

தொடுகைகள் ஏன் ஒட்டுகின்றன? ஒவ்வொரு முறை சேரும்போதும் பிரியும்போதும் அவற்றிடையே நுண்ணிய மின்பொறி எழுகிறது. பொறி உலோகத்தை இம்மியளவு உருக்குகிறது. பல்லாயிரம் முறை நிகழ்ந்த பின் ஒருநாள் உருகிய இரு முகங்களும் ஒன்றாக இறுகிவிடுகின்றன. பற்றுவைத்தது போன்ற அந்தப் பிணைப்பை வில்லின் வலிமை பிரிக்க இயலாது.

கரையோரத்தில் இக்கேடு விரைந்து வருகிறது. புத்தளம் வாவியைச் சுற்றியுள்ள உப்பளங்களுக்குச் செல்வம் தருகின்ற அதே உப்புக்காற்று, நம் வீட்டு யந்திரங்களுக்குப் பகைவன். கண்ணுக்குப் புலனாகாத உப்புத்துகள் உலோகத்தின்மேல் படிந்து, காற்றின் ஈரத்தை ஈர்த்து, அரித்துத் தின்கிறது. அரிபட்ட முகங்கள் செவ்வையாகப் பொருந்தாமல் தடை மிகுகின்றது. தடை மிகுந்த இடத்தில் வெப்பம் பிறக்கின்றது. வெப்பத்தால் மேலும் அரிப்பு. பிளக்கின் ஊசிகளில் பசும்படலமோ கருமையோ தென்பட்டால் அது இந்நோயின் முதற்குறி. அடுத்தது தண்ணீர். இப்பகுதியின் சுண்ணாம்புக்கல் நிலத்து ஊற்றுநீர் கடினநீர். கேத்தலிலும் வெந்நீர்த் தாங்கியிலும் சுண்ணாம்பு படிந்து சுருளைப் போர்வைபோல் மூடுகிறது. போர்வைக்குள்ளே சுருள் தன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து வெடிக்கிறது. மாதத்துக்கொரு முறை எலுமிச்சம்புளியோ வினாகிரியோ விட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் கழுவினால் கேத்தலின் ஆயுள் நீளும்.

அணைத்தும் அணையாத சுருள்

இனிக் கூறப்போவது மின்சார வேலை பழகும் இளைஞர்களையும் சில சமயம் மயக்கிவிடும் ஒரு பழுது. கட்டுப்படுத்தி நன்றாக இருக்கிறது, 'டிக்' என்ற ஒலியும் கேட்கிறது, தொடுகையும் பிரிந்துவிட்டது. ஆயினும் சூடு தணியவில்லை. இது எவ்வாறு?

கனடாவில் 240 வோல்ற்று என்பது இரண்டு கம்பிகளிலும் மின்னழுத்தம் உள்ளது. உலையின் கட்டுப்பாடு பல சமயம் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். மற்றது எந்நேரமும் உயிரோடிருக்கும். சுருள் தொய்ந்து அல்லது அறுந்து உலையின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டால், உயிருள்ள கம்பியிலிருந்து மின்னோட்டம் சுருளின் ஒரு பகுதி வழியாகச் சட்டத்துக்கும், அங்கிருந்து புவியிணைப்புக்கும் பாயத் தொடங்கும். அந்த ஓட்டம் பிரேக்கரை விழுத்தும் அளவுக்குப் பெரிதாக இல்லாதிருக்கலாம். அப்போது உலை, அணைத்த பின்னரும் அரைச்சூட்டில் எரிந்துகொண்டேயிருக்கும். சுவரிலுள்ள கட்டுப்படுத்தியை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இராது.

இலங்கையில் 230 வோல்ற்று. ஒரு கம்பி உயிருள்ளது, மற்றது நொதுமல். ஆளி உயிருள்ள கம்பியிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. கவனமின்றிச் சேர்த்த இணைப்பில் இரண்டும் மாறிவிட்டால், ஆளியை அணைத்தாலும் சுருள் உயிரோடிருக்கும். மாறிய இணைப்போடு சுருளின் பொசிவும் சேர்ந்துகொண்டால் மேற்கூறிய கதைதான் நிகழும். இதனைக் கண்டறிந்து காப்பதற்கே, 30 மில்லி அம்பியர் அளவு பொசிந்தாலும் சுற்றைத் துண்டிக்கின்ற ட்ரிப் சுவிச் வீடுகளில் வைக்கப்படுகிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத ட்ரிப் சுவிச், குரைக்காத காவல் நாய். உடனே மாற்ற வேண்டும். அது அடிக்கடி தானே விழுகின்றதென்றால் எரிச்சல் கொள்ளாதீர்கள்; ஏதோவொன்று பொசிகிறது என்று அது நமக்குச் சொல்லுகின்றது.

ஒட்டிய தொடுகையை உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பூட்டுவோர் உண்டு. சில நாள் ஓடும். பிறகு முன்னிலும் விரைவாக ஒட்டும். பழுதான கட்டுப்படுத்தியைப் புதிதாக மாற்றுவதே முறை. அதனை வேலை அறிந்தவரிடம் ஒப்படைப்பது அதனினும் முறை.

எல்லாவற்றிலும் கொடியது, மிகைவெப்பத் தடுப்பானைக் கம்பியால் இணைத்து ஒதுக்கிவிடுவது. அடிக்கடி அணைந்து தொல்லை தருகிறதென்று சிலர் அவ்வாறு செய்கின்றனர். குரைக்கிறதே என்று காவல் நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. வெந்நீர்த் தாங்கியில் இதன் விளைவு மிகக் கொடுமையானது. கட்டுப்படுத்தி ஒட்டிக்கொண்டு, தடுப்பானும் விலக்கப்பட்டு, அழுத்தம் தணிக்கும் வால்வும் சுண்ணாம்பால் அடைபட்டிருந்தால், தாங்கியினுள்ளே நீர் 100 பாகையைத் தாண்டிச் சூடேறும். தாங்கி பிளந்த கணத்தில் அந்நீர் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1600 மடங்கு விரிவடையும் என்பதை மாணவர் அறிவர். சுவரைத் தகர்க்க அது போதும். மூன்று காவலரும் ஒருங்கே இல்லாத வீட்டில்தான் இது நிகழும். ஒருவன் விழித்திருந்தாலும் நிகழாது.

புத்தளத்தின் இரு பேருலைகள்

வீட்டுக்குள் கண்ட இந்த உண்மைகளைப் பேருருவில் காண விரும்புவோர் புத்தளம் மாவட்டத்துக்கு அப்பால் போக வேண்டியதில்லை. பாலாவியில் ஒரு பேருலை, நுரைச்சோலையில் மற்றொன்று.

பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலையில், அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லே மூலப்பொருள். சீமெந்துச் சூளை என்பது சற்றுச் சாய்வாகக் கிடந்து சுழலுகின்ற மாபெரும் உருக்குக் குழாய். அதனுள்ளே மூலப்பொருள் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வரை சூடேறிக் கட்டிகளாகத் திரள்கிறது. இத்தகைய சூளையில் எரிபொருளை நிறுத்துவது ஒரு நொடி வேலை. ஆனால் சுழற்சியை அப்போதே நிறுத்திவிட முடியாது. உட்புறம் செங்கனலாக இருக்கும்போது குழாய் அசையாமல் கிடந்தால் தன் பாரத்தாலேயே தொய்ந்து வளைந்துவிடும்; உள்ளே பதித்த தீக்கற்கள் உதிரும். ஆகவே மின்சாரம் அற்றுப்போன வேளையிலும், இதற்கென வைத்திருக்கும் தனி யந்திரத்தால் சூளையைச் சிறிது சிறிதாகச் சுழற்றி ஆறவிடுவார்கள். எரிவதை இழுத்தாயிற்று, எனினும் கொதிப்பது அடங்கும்வரை அருகிலேயே நிற்க வேண்டும்.

கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதற்கட்டம் 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் 300 மெகாவாற்று வீதம் மூன்று பிரிவுகளும் நிறைவெய்தி, 900 மெகாவாற்றாயிற்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்தொகுதியில் பட்டதனால் ஏற்பட்ட கோளாறு, நாடு முழுவதையும் இருளாக்கியது. சமநிலை குலைந்ததை உணர்ந்த நுரைச்சோலையின் காவற்கருவிகள் மூன்று பிரிவுகளையும் நிறுத்திவிட்டன. அன்று மாலையே பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் மீண்டது. ஆனால் நுரைச்சோலை மீண்டும் முழுமையாக இயங்கச் சில நாட்கள் சென்றன. அடுத்து வந்த நாட்களில் முறைவைத்து ஒன்றரை மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்நாட்களில் பலரும் சலித்துக்கொண்டனர். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: நிறுத்த வேண்டிய கணத்தில் நிற்காத கொதிகலனும் சுழலியும் என்னவாகும்? இழப்பு நாட்கணக்கில் முடியாது, ஆண்டுக்கணக்கில் செல்லும். நின்ற பின்னரும் நீராவிச் சுழலியின் பாரிய தண்டை மெல்ல மெல்லச் சுழற்றியே ஆறவிடுகின்றனர். இல்லையேல் அதுவும் சீமெந்துச் சூளையைப் போலவே வளைந்துவிடும். உலகம் கண்ட பெரும்பாடமும் இதுவே. 2011 மார்ச் 11ஆம் திகதி யப்பானில் பூமி அதிர்ந்தபோது புக்குஷிமாவின் அணு உலைகள் தாமாகவே நின்றன. ஆனால் நின்ற உலையில் எஞ்சிய வெப்பத்தைத் தணிக்கும் நீரிறைப்பு, கடற்பேரலையால் மின்சாரம் அற்று நின்றுபோயிற்று, உலைகள் உருகின. நிறுத்துவது பாதி வேலை, ஆற்றுவது மறுபாதி.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

பேருலைகளைக் காக்கப் பொறியியலாளரும் தொழிலாளரும் இரவு பகலாக இருக்கின்றனர். நம் வீட்டுச் சிற்றுலையைக் காக்க நாமே இருக்கிறோம். ஆகவே இந்த ஞாயிறு பொழுதிலேயே சில காரியங்களை முடித்துவிடலாம்.

பிரதான ஆளி எங்கே இருக்கிறதென்று வீட்டிலுள்ள அனைவருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும், காட்டுங்கள். அதன் முன்னே பெட்டியும் சாக்கும் அடுக்கியிருந்தால் அகற்றுங்கள். எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று ஒரு துண்டுத் தாளில் தெளிவான தமிழில் எழுதி ஒட்டுங்கள். இருளில் கைவிளக்கோடு வருபவரும் வாசிக்கத் தக்கதாக எழுத்து பெரிதாக இருக்கட்டும். அழுத்தி, கேத்தல், போறணை ஆகியவற்றைக் குமிழால் மட்டும் அணைத்துவிட்டுப் போகாமல், சுவர் ஆளியையும் அணைத்துப் பிளக்கைக் கழற்றும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். வெப்பம் தரும் இரு கருவிகளை ஒரே நீட்டுக்கம்பியில் இணைக்க வேண்டாம். பழுது தெரிந்த கருவியில் 'பழுது' என்று எழுதிய தாளைக் கட்டி ஒதுக்கிவையுங்கள். அறியாத ஒருவர் எடுத்து இணைத்துவிடக் கூடாது.

கொள்ளியை இழுக்கத் தெரியாத தாய் நம் நாட்டில் இருந்ததில்லை. அந்த அறிவு அவளுக்கு நூலிலிருந்து வரவில்லை. அடுப்பு எங்கே எரிகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே. மின்சார அடுப்பின் கொள்ளி சுவரின் பின்னே மறைந்திருக்கிறது. அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டால், பழைய பழமொழி புதிய வீட்டுக்கும் பொருந்தும்.